லுக்கீமியா வைரஸ் இருக்கற பூனைக்குட்டியை அடாப்ட் பண்ணலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டெக்சாஸ்ல, ஆஸ்டின்ல இருக்கேன். வீடு இல்லாத பூனை நாய்ங்களை வச்சு பாத்துக்கற ஷெல்டர்ல லுக்கீமியா வைரஸ் பாசிட்டிவ்னு வர்ற பூனைக்குட்டிங்களை வீடு கிடைக்கற வரைக்கும் எங்க வீட்ல வச்சு பாத்துக்குவோம், இங்க அதை ஃபாஸ்டர் பண்றதுன்னு சொல்வாங்க. நம்ம தமிழ் ஆளுங்களுக்கு குட்டி போட்டோ அனுப்பினா எல்லாரும் ஆசையா கேப்பாங்க, வைரஸ்னு சொன்ன அடுத்த நிமிஷம் பேச்சு வேற பக்கம் போயிடும். அந்த பயத்துல பாதி தேவையே இல்லாதது. மீதி பாதி நியாயமானது, அதை நான் மறைக்க மாட்டேன். ரெண்டையும் தனித்தனியா புரிஞ்சுக்கிட்டு அப்புறம் சரின்னோ வேணாம்னோ முடிவு பண்ணுங்க. அதுக்குத்தான் என்கிட்ட திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளையெல்லாம் இங்க சேத்து எழுதறேன்.

அக்கா, இந்த வைரஸ் என்னதுன்னு முதல்ல சொல்லுங்க.

முழுப்பேர் ஃபீலைன் லுக்கீமியா வைரஸ், எல்லாரும் எஃப்.இ.எல்.வின்னு சுருக்கி சொல்வாங்க. 1964ல ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோ யுனிவர்சிட்டில வில்லியம் ஜாரெட்டும் அவர் கூட வேலை பாத்தவங்களும் கண்டுபிடிச்சது. ஒரே வீட்டுப் பூனைங்களுக்கு அடுத்தடுத்து புத்துநோய் வர்றதைப் பாத்துட்டு, இது ஒண்ணுகிட்டேந்து ஒண்ணுக்கு தொத்துதோன்னு சந்தேகப்பட்டு தேடினாங்க. பேர்ல லுக்கீமியா இருக்கறதால ரத்தப் புத்துநோய் மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. லிம்ஃபோமாங்கற நிணநீர்ப் புத்துநோய் வரலாம், கூடவே ரத்த சோகை, எதிர்ப்பு சக்தி குறையறது, ஈறு புண்ணு, திரும்பத் திரும்ப சளி, இதெல்லாமும் வரலாம். எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்துக்கற வைரஸ் இது, ரத்த அணு உண்டாகற இடத்துலயே கை வச்சுடுது, அதனாலதான் இத்தனை விதமா தலைகாட்டுது.

அமெரிக்காவுல மொத்த பூனைங்கள்ல 2லேந்து 3 சதவீதத்துக்கு இது இருக்குன்னு கார்னெல் யுனிவர்சிட்டியோட பூனை நல மையம் சொல்லுது. தடுப்பூசி 1985லேந்து இருக்கு, ஆனா தெருவுல பொறக்கற குட்டிக்கு யாரு ஊசி போடுவா, தாய்கிட்டேந்தே வாங்கிட்டு வந்துடுதுங்க.

பூனை எய்ட்ஸ்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்ல. அது எஃப்.ஐ.வி, வேற வைரஸ், 1986ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி டேவிஸ்ல கண்டுபிடிச்சாங்க. அது பெரும்பாலும் ஆழமா கடிச்சாதான் பரவும், சண்டை போடாத பூனைங்க ஒரே வீட்ல இருந்தா ரிஸ்க் ரொம்பக் கம்மி, நிறைய பூனை சாதாரண ஆயுசு வாழுது. எஃப்.இ.எல்.வி அப்படி இல்ல, எச்சில்லயே சுலபமா பரவும், குட்டிங்களை பலமா தாக்கும். ஷெல்டர்ல பேசும்போது எந்த வைரஸ்னு தெளிவா கேட்டுக்கோங்க, ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு போறவங்க நிறைய பேர் இருக்காங்க.

வீட்ல ரெண்டு வயசு குழந்தை இருக்கு. மனுஷங்களுக்கு தொத்துமா?

தொத்தாது. பூனை இனத்துக்குள்ள மட்டும்தான் பரவும். குழந்தை, பெரியவங்க, நாய், கிளி, மீன் யாருக்கும் வராது. குட்டி உங்க கையை நக்கினாலும் கடிச்சாலும் இந்த வைரஸால உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பூனை கடிச்ச புண்ணுல பாக்டீரியா சேந்து வீங்கும், அது எந்தப் பூனை கடிச்சாலும் அப்படித்தான், உடனே சோப்பு போட்டு கழுவிட்டு டாக்டர்கிட்ட காட்டணும்.

ஒண்ணே ஒண்ணு, வீட்ல யாராவது கீமோ எடுத்துக்கிட்டு இருந்தாலோ, உறுப்பு மாற்று ஆபரேஷன் பண்ணிருந்தாலோ அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. எதிர்ப்பு சக்தி குறைஞ்ச பூனை வேற கிருமிங்களை சுமந்துட்டு இருக்க வாய்ப்பு இருக்கு, அதுக்காக சொல்றேன்.

நான் மாசமா இருக்கேன். மாமியார் பூனையே கூடாதுங்கறாங்க.

உங்க மாமியார் பயப்படறது டாக்ஸோபிளாஸ்மா பத்தி, அது நிஜமான விஷயம்தான், ஆனா அது ஒரு ஒட்டுண்ணி, எஃப்.இ.எல்.விக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த ஒட்டுண்ணி இருக்கற பூனையோட மலத்துல வெளிய வந்து 1லேந்து 5 நாள் கழிச்சுதான் அது தொத்தற நிலைக்கே வரும். அதனால லிட்டர் பாக்ஸை, அதாவது பூனை மலம் கழிக்கற மணல் பெட்டியை, தினமும் சுத்தம் பண்ணணும், அதை நீங்க பண்ணக்கூடாது, உங்க வீட்டுக்காரர் பண்ணட்டும். பூனைக்கு பச்சைக் கறி போடக்கூடாது, வெளிய விடக்கூடாது. இந்த ரெண்டும் எஃப்.இ.எல்.வி குட்டிக்கு எப்படியும் கட்டாயம்தான்.

மத்தபடி பிரசவ சமயத்துல புதுசா ஒரு குட்டியை கூட்டிட்டு வந்து வெட்கிட்ட, அதான் கால்நடை டாக்டர்கிட்ட, அலையறது உங்களால முடியுமான்னு யோசிங்க. குழந்தை பொறந்து ஆறு மாசம் கழிச்சு வந்தாலும் இங்க குட்டிங்க இருக்கும்.

எங்ககிட்ட ஏற்கனவே ஒரு பூனை இருக்கு, அதுக்கு நெகட்டிவ். இன்னொரு ரூம்ல வச்சுக்கலாமா?

என் பதில், வேண்டாம். இதுல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன்.

எச்சில், மூக்குச்சளி, ஒண்ணையொண்ணு நக்கி விடறது, ஒரே கிண்ணத்துல சாப்பாடு தண்ணி, கடி, தாய்ப்பால், இப்படித்தான் பரவுது. மூத்திரம் மலத்துலயும் கொஞ்சம் இருக்கும். உடம்புக்கு வெளிய சாதாரண வீட்டுச் சூழல்ல சில மணி நேரத்துக்கு மேல தாங்காது, சோப்புத் தண்ணிலயே செத்துடும், அதனால உங்க துணில ஒட்டிட்டு போய் அடுத்த ரூம்ல பரவறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. அப்போ தனி ரூம், தனி கிண்ணம், தனி லிட்டர் பாக்ஸ், பெரிய பூனைக்கு தடுப்பூசின்னு வச்சு சமாளிக்கறவங்க இருக்காங்க. வளர்ந்த பூனைக்கு இயல்பாவே கொஞ்சம் தாக்குப்பிடிக்கற சக்தியும் இருக்கு. ஆனா தடுப்பூசி நூத்துக்கு நூறு கிடையாது, கதவை ஒரு நாள் யாராவது திறந்து வச்சுட்டு போயிடுவாங்க, அபார்ட்மென்ட்ல ரெண்டு பெட்ரூம்ல ஒண்ணை பூட்டியே வச்சிருக்க முடியாது, அதுக்கும் மேல குட்டி ஒரு ரூம்ல தனியா அடைஞ்சு கிடக்கணும். அந்த குட்டிக்கும் நல்லதில்ல உங்க பழைய பூனைக்கும் நல்லதில்ல. ஷெல்டருக்காக ஃபாஸ்டர் பண்றப்ப கொஞ்ச நாளைக்கு தனி ரூம்ல வைக்கறது வேற, வாழ்க்கை முழுக்க வைக்கறது வேற.

வீட்ல பூனையே இல்லையா, இல்ல இருக்கற பூனையும் எஃப்.இ.எல்.வி பாசிட்டிவா, அப்போ நீங்கதான் நாங்க தேடற ஆளு. நாய் இருந்தா பிரச்சனை இல்ல.

டெஸ்ட் தப்பா இருக்க வாய்ப்பு இருக்கா? பாசிட்டிவ் அப்புறம் நெகட்டிவ் ஆகுமா?

ரெண்டுக்குமே வாய்ப்பு இருக்கு, அதனால ஒரே ஒரு டெஸ்ட்டை நம்பி எதுவும் முடிவு பண்ணாதீங்க.

வெட் க்ளினிக்லயே சில சொட்டு ரத்தத்துல பத்து நிமிஷத்துல ரிசல்ட் வர்ற கிட் இருக்கு, அது வைரஸோட பி27ன்ற புரதத்தை நேரடியா தேடுது. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடியை தேடறது இல்ல, அதனால தாய்கிட்டேந்து வந்த ஆன்டிபாடியோ, போட்ட தடுப்பூசியோ ரிசல்ட்டை குழப்பாது, எந்த வயசு குட்டிக்கும் டெஸ்ட் பண்ணலாம். எஃப்.ஐ.விக்கு இது பொருந்தாது, அங்க தாயோட ஆன்டிபாடியாலயே குட்டி பாசிட்டிவ்னு காட்டும், ஆறு மாசம் தாண்டி மறுபடி பாக்கணும்.

எஃப்.இ.எல்.வி பாசிட்டிவ் வந்தா லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணணும், பி.சி.ஆர் எடுத்து வைரஸ் எவ்ளோ இருக்குன்னு பாக்கணும், ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணணும். சில பூனைங்களோட உடம்பு வைரஸை அடக்கி வச்சுடும், ரத்தத்துல வைரஸ் சுத்தாது, ஆனா அதோட மரபணு மட்டும் செல்லுக்குள்ள தூங்கிட்டு இருக்கும், இதை ரெக்ரசிவ்னு சொல்வாங்க. அடக்க முடியாம வைரஸ் பெருகிட்டே போனா அது ப்ரோக்ரசிவ். சின்னக் குட்டிங்கள்ல இந்த ரெண்டாவது வகைதான் ஜாஸ்தி, அதை சொல்லாம விட்டா நான் உங்களை ஏமாத்தறதா ஆகிடும்.

கூடப் பொறந்த குட்டி நெகட்டிவ்னு வந்தாலும் விட்டுடாதீங்க, அதுக்கும் மறுபடி டெஸ்ட் வேணும். தாய்கிட்டேந்து வாங்கின குட்டி சில வாரம், சில மாசம் கழிச்சு கூட பாசிட்டிவ் ஆகலாம்.

எவ்ளோ நாள் உயிரோட இருக்கும்?

எல்லாரும் கேக்கற கேள்வி, எல்லாரும் கேக்கத் தயங்கற கேள்வியும் இதுதான்.

கார்னெல் சொல்ற கணக்குப்படி டெஸ்ட்ல தெரிஞ்சதுலேந்து பாதி பூனைங்க ரெண்டரை வருஷம் தாண்டுது. அது எல்லா வயசையும் சேத்து சொல்றது. 2021ல வெளியான ஒரு ஆய்வு இன்னும் தெளிவா காட்டுச்சு. நூத்துக்கு மேல எஃப்.இ.எல்.வி பூனைங்களை 4 வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க, பி27 அளவும் பி.சி.ஆர்ல வைரஸ் அளவும் அதிகமா இருந்த பூனைங்கள்ல பாதி 1.4 வருஷத்துக்குள்ள போயிடுச்சு, அளவு கம்மியா இருந்த பூனைங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல கடைசி வரைக்கும் உயிரோட இருந்துச்சு. அதனாலதான் வெறும் பாசிட்டிவ்ன்ற வார்த்தையை வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது, அளவு என்னன்னு கேக்கணும்.

பட்டாணின்னு ஒரு குட்டி எங்க வீட்ல இருந்தான். ஆரஞ்சு கலரு, வால் நுனில மட்டும் வெள்ளை. வைரஸ் அளவு ரொம்ப அதிகம்னு வெட் முன்னாடியே சொல்லிட்டாங்க. இங்க ரவுண்ட் ராக்ல ஒரு வயசான தம்பதி, வெள்ளைக்காரங்க, எல்லாத்தையும் கேட்டுட்டு சரின்னு கூட்டிட்டு போனாங்க. அவன் தினமும் காலைல அந்தத் தாத்தா காபி கப் பக்கத்துல உக்காந்து ஜன்னல்ல பறவை பாப்பான், வீடியோ அனுப்பிட்டே இருப்பாங்க. ஒரு வயசு முடியறதுக்குள்ள ரத்த சோகை வந்து போயிட்டான். அதுக்கு அடுத்த வாரமே அந்தப் பாட்டி போன் பண்ணி, அங்க வேற பாசிட்டிவ் குட்டி யாரும் காத்திருக்காங்களான்னு கேட்டாங்க. அவங்க இப்போ வச்சிருக்கற பூனைக்கு வைரஸ் அளவு கம்மி, கொழுகொழுன்னு இருக்கா.

சீக்கிரம் போயிடும்னு தெரிஞ்சே ஏன் எடுக்கணும்? இதுக்கு ஷெல்டர்லயே கருணைக்கொலை ஊசி போட்டுடலாமேன்னு என் ஃப்ரெண்டு கேக்கறான்.

ரொம்ப வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. பாசிட்டிவ்னு வந்தா அன்னிக்கே ஊசி. இன்னும் பல ஷெல்டர்ல அப்படித்தான். ஆனா அந்தக் குட்டிக்கு அன்னிக்கு வலி இல்ல, ஜுரம் இல்ல, நூல் பந்தை துரத்திட்டு இருக்கு. ஒரு டெஸ்ட் ரிசல்ட்டை மட்டும் காரணமா வச்சு கொல்லக்கூடாதுன்னு அமெரிக்க பூனை மருத்துவர்கள் சங்கமே 2020 வழிகாட்டில எழுதிருக்காங்க. ஆஸ்டின் பெட்ஸ் அலைவ்ங்கற அமைப்பு இதுக்குன்னே தனி அடாப்ஷன் புரோகிராம் நடத்துது. யூட்டால கனாப்ல இருக்கற பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துலயும், நியூஜெர்சில டாபிஸ் பிளேஸ்லயும் எஃப்.இ.எல்.வி பூனைங்களுக்குன்னு தனி இடம் வச்சிருக்காங்க. ஆனா சரணாலயத்துல எத்தனை பூனையை வச்சுக்க முடியும், மடி வேணும்னா வீடுதான் வேணும்.

பூனைக்கு அடுத்த வருஷத்தைப் பத்தி கவலை கிடையாது. அதுக்கு இன்னிக்கு வெயில் விழற இடம், நேரத்துக்கு சாப்பாடு, பக்கத்துல படுக்க ஒரு ஆளு. அதைக் கொடுக்க உங்களால முடியும்னா அந்த குட்டியோட வாழ்க்கை முழுசும் நல்ல வாழ்க்கையா இருக்கும், எத்தனை மாசமா இருந்தாலும் சரி. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. பிரிவு தாங்க மாட்டேன்னு தோணுச்சுன்னா எடுக்காதீங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, வேற ஆரோக்கியமான குட்டிங்களும் வீடு இல்லாம காத்திருக்கு.

ஸ்பெஷல் நீட்ஸ்னு போட்டிருக்காங்களே, வைரஸ் தவிர வேற என்ன இருக்கும்?

பல குட்டிங்களுக்கு வைரஸ் மட்டும்தான், பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. சிலதுக்கு சின்ன வயசுல ஹெர்பீஸ்ங்கற வைரஸ் வந்து ஒரு கண்ணு போயிருக்கும், சிலதுக்கு ரெண்டுமே. கண்ணு இல்லாத பூனை வீட்டை மீசையாலயும் காதாலயும் மனப்பாடம் பண்ணிடும், நீங்க சோஃபாவை இடம் மாத்தாம இருந்தா போதும். சிலதுக்கு நடை தள்ளாடும், தாய் வயித்துல இருக்கும்போது பான்லுக்கோபீனியா வைரஸ் தாக்கி சிறுமூளை சரியா வளராததால வர்றது அது. அந்தத் தள்ளாட்டம் தொத்தாது, வயசாக ஆக மோசமாவும் ஆகாது, வலியும் கிடையாது. தரைல வழுக்காத விரிப்பு போட்டு, உயரத்துக்கு ஏறாம பாத்துக்கிட்டா சந்தோஷமா ஓடி விளையாடும்.

ஒண்ணு எடுக்கறதா, ரெண்டா?

முடிஞ்சா ரெண்டு பாசிட்டிவ் குட்டிங்களை சேத்து எடுங்க. நாம வேலைக்குப் போற நேரத்துல ஒண்ணுக்கொண்ணு துணை. அபார்ட்மென்ட்ல எத்தனை வளர்ப்புப் பிராணி அலவுடு, அதுக்குன்னு மாசாமாசம் தனி வாடகை எவ்ளோன்னு லீஸ்ல பாத்துட்டு கையெழுத்து போடுங்க. எஃப்.ஐ.வி பூனையையும் எஃப்.இ.எல்.வி பூனையையும் சேக்காதீங்க, ரெண்டு வைரஸும் ஒரே உடம்புல சேந்தா அந்தப் பூனை பாவம்.

தினமும் என்ன பாத்துக்கணும்?

வீட்டை விட்டு வெளிய விடக்கூடாது, பால்கனிக்கு வலை போட்டாதான் விடலாம். இது முதல் விதி. வெளிய போனா மத்த பூனைக்கு கொடுக்கும், வெளில இருக்கற கிருமி எல்லாத்தையும் இது வாங்கிட்டு வரும்.

அப்புறம் தினமும் ராத்திரி மடில வச்சு கொஞ்சற நேரத்துல மேல் உதட்டை கட்டை விரலால லேசா தூக்கிப் பாருங்க. ஈறு இளஞ்சிவப்பா இருக்கணும். பச்சரிசி மாவு மாதிரி வெளுத்திருந்தா ரத்த சோகை, அன்னிக்கே வெட்கிட்ட போகணும், காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. சில பூனைக்கு ஈறு இயல்பாவே கறுப்பா இருக்கும், அதுக்கு நாக்கையும் கீழ் இமை உள்பக்கத்தையும் பாக்கலாம். நல்லா இருக்கும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அப்புறம் ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

கிச்சன்ல மாவு நிறுக்கற டிஜிட்டல் ஸ்கேல்ல வாரம் ரெண்டு தடவை எடை போடுங்க. குட்டி மாசத்துக்கு கிட்டத்தட்ட அரை கிலோ ஏறணும், ஏறலைன்னாலோ இறங்கினாலோ மத்த அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே எடைதான் சொல்லும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்க, நிமிஷத்துக்கு 30க்குள்ள இருக்கணும், 40 தாண்டினா உடனே கூப்பிடுங்க. நெஞ்சுக்குள்ள கட்டி இருந்தாலோ தண்ணி கோத்தாலோ முதல்ல மூச்சுதான் மாறும். வாயைத் திறந்து மூச்சு விட்டா யோசிக்கவே யோசிக்காம எமர்ஜென்சிக்கு ஓடுங்க.

ஒரு நாள் முழுக்க சாப்பிடலைன்னா பெரிய பூனைக்கே ஆபத்து, குட்டிக்கு அவ்ளோ நேரம் கூட கொடுக்காதீங்க. கண்ணு மணி ரெண்டும் வேற வேற சைஸ்ல இருந்தாலும் வெட்கிட்ட சொல்லணும், இந்த வைரஸ் நரம்புலயும் வேலை காட்டும்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனையோட செக்கப். நியூட்டர், ஸ்பேன்னு சொல்ற கருத்தடை ஆபரேஷன் கட்டாயம். மத்த தடுப்பூசி எது எப்போன்னு வெட் சொல்வாங்க, எஃப்.இ.எல்.வி தடுப்பூசி ஏற்கனவே பாசிட்டிவ் ஆன குட்டிக்கு பிரயோஜனம் இல்ல.

நாங்க சுத்த சைவம். தயிர்சாதம், பால் கொடுத்து வளக்க முடியாதா?

முடியாதுங்க. பூனை உடம்பு கறிக்காகவே உண்டானது, டாரின்னு ஒரு சத்து அதுக்கு வேணும், செடில கிடைக்காது, அது இல்லன்னா இதயமும் கண்ணும் கெட்டுடும். டப்பால வர்ற நல்ல கிட்டன் ஃபுட் வாங்கிப் போடுங்க, சமைக்க வேண்டாம், தொட வேண்டாம், ஸ்பூனால எடுத்து வச்சுட்டு கிண்ணத்தை தனியா கழுவிக்கலாம். அக்ரஹாரத்துலேந்து வந்த குடும்பம் ஒண்ணு இங்க அப்படித்தான் ரெண்டு பூனை வளக்கறாங்க. அதுவும் மனசு ஒப்பலைன்னா பூனை உங்களுக்கு சரிப்படாது. பால் பெரும்பாலான பூனைக்கு வயித்தைக் கலக்கும், எஃப்.இ.எல்.வி குட்டிக்கு பேதி வந்தா தேறி வர்றது கஷ்டம். பச்சைக் கறி, பச்சை முட்டை கூடவே கூடாது.

நம்ம வீட்ல ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது வெங்காயமும் பூண்டும். ரெண்டும் பூனையோட சிவப்பணுவை உடைக்கும், சாம்பார்ல வெந்திருந்தாலும் பொடியா இருந்தாலும் அதே விஷம்தான், ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்கற குட்டிக்கு கேக்கவே வேணாம். டைலனால், டோலோ மாதிரி பாராசிட்டமால் மாத்திரை ஒண்ணு போதும் உயிர் போக, குழந்தைக்கு ஜுரம்னு டேபிள் மேல வச்சுட்டு மறந்துடாதீங்க, குட்டிக்கு உடம்பு சுடுதுன்னு நீங்களா கொடுக்கவும் கொடுக்காதீங்க. பர்த்டே பொக்கேல லில்லி இருந்தா வெளிய போட்டுடுங்க, அதோட மகரந்தம் பட்டு அதை நக்கினாலே கிட்னி போயிடும். மல்லிப்பூ ஒண்ணும் பண்ணாது.

சாமி ரூம்ல கற்பூரக்கட்டி எட்டாத இடத்துல இருக்கணும், சாம்பிராணி போடற நேரத்துல குட்டியை வேற ரூம்ல விட்டு ஜன்னலைத் திறந்து வைங்க, சளி பிடிச்ச மூக்குக்கு புகை ஆகாது. தெள்ளுப்பூச்சிக்கு மருந்து வெட் கொடுக்கறது மட்டும்தான். நாய்க்கு போடற சில மருந்துல பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொன்னுடும். தெள்ளுப்பூச்சியை லேசா நினைக்காதீங்க, அது ரத்தத்தை உறிஞ்சியே குட்டியைக் காலி பண்ணிடும்.

மருந்து இருக்கா? குணமாகுமா?

வைரஸை முழுசா விரட்டற மருந்து இன்னிக்கு கிடையாது. ஏ.இசட்.டி, ரால்டெக்ராவிர் மாதிரி எச்.ஐ.விக்கு கொடுக்கற சில மருந்துகளை வெட்ஸ் கொடுத்துப் பாக்கறாங்க, ஏ.இசட்.டில ரத்த சோகை வர்ற ஆபத்தும் இருக்கு. ஆனா கூட வர்ற நோய்ங்களுக்கு வைத்தியம் உண்டு. சளிக்கு ஆன்டிபயாட்டிக், ஈறு புண்ணுக்கு பல் வைத்தியம், ரத்தம் குறைஞ்சா ரத்தம் ஏத்தறது, லிம்ஃபோமாவுக்கு கீமோ. நேரம் வர்றதுக்கு முன்னாடியே கைவிட்டுடாதீங்க, ஒரு சாதாரண ஜலதோஷத்தை வைரஸ் முத்திடுச்சுன்னு நினைச்சு விட்டுடறது நடக்குது, சீக்கிரம் காட்டினா எழுந்து உக்காந்துடுது. ஆன்லைன்ல எதிர்ப்பு சக்தி கூட்டற பவுடர், ட்ராப்ஸ் விக்கறவங்ககிட்ட காசு கொடுக்காதீங்க.

செலவு எவ்ளோ ஆகும்? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

நல்லா இருக்கற வரைக்கும் மத்த பூனைக்கு ஆகற செலவுதான், கூட ஒரு ரத்தப் பரிசோதனை. உடம்பு முடியாமப் போச்சுன்னா ஏறும், எமர்ஜென்சி ராத்திரி ரொம்ப ஏறும். பெட் இன்ஷூரன்ஸ் கம்பெனிங்க முன்னாடியே இருக்கற நோயை கவர் பண்ணாது, எஃப்.இ.எல்.வி அதுல வந்துடும், எலும்பு முறிஞ்சது எதையாவது முழுங்கினது மாதிரி விஷயத்துக்கு மட்டும் எடுக்கலாம். அதனால மாசாமாசம் ஒரு தொகையை குட்டி பேர்ல தனியா போட்டு வைங்க. எவ்ளோ தூரம் வைத்தியம் பண்ணுவோம், எங்க நிறுத்துவோம்னு வீட்டுக்காரரும் நீங்களும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி கவுன்டர்ல நின்னுட்டு பேசற பேச்சு இல்ல அது.

டிசம்பர்ல ஊருக்குப் போறோம், ஒரு மாசம். அப்போ?

காசுக்கு பூனையை வச்சுப் பாத்துக்கற போர்டிங்ல மத்த பூனைங்க இருக்கும், பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் அங்க விடறது இதுக்கும் நல்லதில்ல. வீட்டுக்கே வந்து பாத்துக்கற ஆள் வேணும். தினமும் ரெண்டு வேளை வர்றவங்களா, ஈறு பாக்கத் தெரிஞ்சவங்களா, உங்க வெட் நம்பரும் செலவுக்கு உங்க கார்டும் கைல இருக்கறவங்களா இருக்கணும். அவங்க வீட்ல பூனை இருந்தா கை கழுவிட்டு சட்டையை மாத்திட்டு போகச் சொல்லுங்க, போதும். அம்மா அப்பா ஊர்லேந்து ஆறு மாசம் வந்து தங்கறாங்கன்னா முன்னாடியே சொல்லி வைங்க. என் அனுபவத்துல முதல் வாரம் கிட்ட வராதேன்னு விரட்டற அப்பாக்கள்தான் கிளம்பும்போது குட்டியை மடிலேந்து இறக்க மாட்டாங்க.

எப்போ போதும்னு முடிவு பண்றது? பசங்ககிட்ட என்ன சொல்றது?

சாப்பாட்டை திரும்பிக் கூட பாக்கலை, கட்டிலுக்கு அடியிலேந்து வெளிய வரலை, தன்னை நக்கி சுத்தம் பண்ணிக்கறதை விட்டுடுச்சு, மூச்சுக்கு கஷ்டப்படுது, நல்ல நாளை விட கெட்ட நாள் ஜாஸ்தி ஆகிடுச்சு, அப்போ வெட்கிட்ட மனசு விட்டு பேசணும். இங்க வெட் வீட்டுக்கே வந்து ஊசி போடற வசதி இருக்கு, அதோட போர்வைலயே, உங்க மடிலயே. முதல்ல மயக்க மருந்து, அப்புறம்தான் ரெண்டாவது ஊசி, வலி தெரியாது. நம்ம ஆளுங்க பலருக்கு இது பாவம்னு தோணும், இயற்கையா போகட்டும்னு சொல்வாங்க. அந்த நம்பிக்கையை நான் மதிக்கறேன், ஆனா ரத்த சோகைல மூச்சுக்குத் திணறி போறது அமைதியான சாவு இல்ல, அதை கண்ணால பாத்தவ சொல்றேன். ஊசி வேண்டாம்னு முடிவு பண்ணா வலிக்கும் மூச்சுக்கும் மருந்து கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, அப்படியே விட்டுடாதீங்க.

பசங்ககிட்ட முதல் நாளே சொல்லுங்க. இந்தக் குட்டிக்கு உடம்புல ஒரு நோய் இருக்கு, நம்ம கூட கொஞ்ச காலம்தான் இருக்கலாம், இருக்கற வரைக்கும் நல்லா பாத்துக்கப் போறோம்னு. தூங்கப் போயிருக்குன்னு பொய் சொல்லாதீங்க, அப்புறம் தூங்கவே பயப்படும் குழந்தை.

குட்டி போனதுக்கு அப்புறம் அதே வீட்ல வேற பூனை வளக்கலாமா?

வளக்கலாம். இந்த வைரஸ் வெளிய தங்காதுன்னு மேல சொன்னேன்ல, கிண்ணம், லிட்டர் பாக்ஸ் புதுசா மாத்திட்டு, துணியை சோப்பு போட்டு துவைச்சுட்டு, தரையைத் துடைச்சா போதும். பான்லுக்கோபீனியால செத்திருந்தாதான் கதை வேற, அது ஒரு வருஷம் கூட வீட்ல உயிரோட கிடக்கும், ப்ளீச் வேணும். என்ன நோயால போச்சுன்னு வெட்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க.

சரி அக்கா, ஒரு குட்டி போட்டோ பாத்துட்டேன். இப்போ என்ன பண்ணணும்?

நேர்ல போய் ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. வீட்ல இருக்கற எல்லாரையும் கூட்டிட்டு போங்க, முக்கியமா வேண்டாம்னு சொல்றவங்களை. அங்க கேளுங்க: எந்த டெஸ்ட் எப்போ எடுத்தாங்க, மறுபடி எடுத்தாங்களா, பி.சி.ஆர்ல அளவு என்ன, தாயும் கூடப் பொறந்ததும் என்ன ஆச்சு, கடைசியா ரத்த அணு எண்ணிக்கை எவ்ளோ, இதுவரைக்கும் என்ன மருந்து சாப்பிட்டிருக்கு, பிற்பாடு உடம்பு முடியாம போனா ஷெல்டர் க்ளினிக்ல காட்டலாமா, நம்மால பாத்துக்க முடியாம போனா திருப்பி எடுத்துப்பாங்களா. எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கோங்க. அதே வாரம் உங்க பக்கத்துல எஃப்.இ.எல்.வி பூனைங்களைப் பாத்துப் பழகின வெட் யாருன்னு விசாரிச்சு அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, பாசிட்டிவ்னு சொன்னதும் ஊசி போட்டுடலாமேன்னு ஆரம்பிக்கறவங்களா இருந்தா வேற க்ளினிக் பாருங்க. உடனே அடாப்ட் பண்ண தயக்கமா இருந்தா முதல்ல ஃபாஸ்டர்னு ஃபார்ம் போடுங்க, சாப்பாடு, மருந்து செலவை ஷெல்டரே பாத்துக்குமான்னு அப்பவே கேட்டுக்கோங்க, பல இடத்துல அவங்களே பாத்துக்கறாங்க.